றொச்டேலின் பெருமை

இங்கிலாந்தின் வடபாலுள்ள றொச்டேல் நகருக்கு வரும் வெளியூரார், கரிபடிந்த சுவர்களையும் மூடுண்ட பஞ்சாலைகளையும் கண்டு முகஞ்சுளிப்பர். மாளிகைகளைக் கொண்டே ஊர்களை அளந்து பழகியவர்கள் அவர்கள்.

ஆனால், 1844 டிசம்பர் 21ஆம் நாள், அந்நகரின் டோட் லேன் வீதியில், நெசவாளர் உள்ளிட்ட 28 உழைப்பாளர் 28 பவுண் முதலுடன் ஒரு சிறு கடையைத் திறந்தனர். மாவு, வெண்ணெய், சீனி போன்றவையே சரக்கு. கலப்படமற்ற பண்டம், குறையாத நிறை, ஆளுக்கொரு வாக்கு, வாங்கிய அளவுக்கேற்ற இலாபப் பங்கு என்பன அவர்தம் விதிகள். கலப்பட வணிகத்துக்கும் கடன் சுமைக்கும் பாட்டாளிகள் அளித்த விடை அது.

நம் கிராமத்துச் சங்கக் கடையின் அடிப்படை விதிகளும் அங்கு உருவானவையே. றொச்டேல் மக்கள் தம் ஊரைப் புகழ்வது வெறும் ஊர்ப்பற்றன்று. வரலாறு தந்த உரிமை.