ஊசியும் கூலியும்

தையல் வகுப்பு என்றாலே பெண்பிள்ளையை அடக்கி உட்காரவைக்கும் ஏற்பாடு என்கிறோம். நாகர்கோவில் வரலாறு அதற்குள் அடங்குவதில்லை.

1819இல் அங்கு வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட், சிறுமியருக்கு எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்பித்தார். அடிமைகளாய்ப் பிறந்த சிலர் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கியதை மிஷன் குறிப்புகள் சொல்கின்றன. திருவிதாங்கூர் அடிமைமுறையை ஒழித்ததோ 1855இல்தான்.

தைத்த குப்பாயம் அணிந்ததற்காக நாடார் பெண்கள் தாக்கப்பட்டார்கள். மார்பை மறைக்கும் உரிமை 1859இல் கிடைத்தது. அதுவும், மேல்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு.

ஊசி அடக்கத்தின் கருவியா, விடுதலையின் கருவியா என்று என் மாணவிகள் கேட்பார்கள். கூலி யார் கைக்குப் போகிறது, தைத்ததை யார் உடுத்த முடிகிறது என்று பாருங்கள் என்பேன்.