பெட்டியிலிருந்து ஒலிவாங்கிக்கு: திண்டுக்கல் சமவெளியின் வானொலிக் கேட்பும் சமுதாய வானொலி அறிவிப்பாளர்களின் பின்புலமும்

தமிழகத்தில் 'சமுதாய வானொலி' என்னும் தொடர் இன்று ஒரு சிறிய ஒலிபரப்பு நிலையத்தைக் குறிக்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன் அத்தொடர் ஒரு பெட்டியைக் குறித்தது. ஊராட்சிக்குச் சொந்தமான அப்பெட்டி பூட்டிய அறையில் இருக்கும். கூம்பு ஒலிபெருக்கி வெளியே மரத்திலோ கம்பத்திலோ கட்டப்பட்டிருக்கும். மாலையில் ஊர் கூடிக் கேட்கும். 'சமுதாய' என்ற அடைமொழி அன்று கேட்போரை மட்டுமே சுட்டியது. பேசியவர் யார், எங்கிருந்து வந்தவர் என்ற வினாவுக்கு அதில் இடமில்லை. அந்த அடைமொழி பெட்டியை விட்டு ஒலிவாங்கிக்கு எவ்வளவு தூரம் நகர்ந்துள்ளது என்பதை அளக்க, உரிமங்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் அறிவிப்பாளர்களின் பின்புலமே நம்பத்தக்க அளவுகோலாகும்.

வெளியூர்க் குரல்கள்

திண்டுக்கல் சமவெளி நெடுங்காலம் பிற ஊர்களின் குரலையே கேட்டு வந்துள்ளது. 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சிராப்பள்ளியிலும் வானொலி நிலையங்கள் தொடங்கப்பெற்றன. மதுரை நிலையம் 1987இல்தான் வந்தது. அதற்கு ஈராண்டு முன்னரே, 1985இல், திண்டுக்கல் தனி மாவட்டமாகியிருந்தது. திருச்சி நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பு வலிமை மிக்கது. 1960களில் ஆடுதுறை 27 என்னும் நெல் இரகம் காவிரிப் படுகையில் 'வானொலி நெல்' என்றே பெயர் பெற்றது. ஆயினும் அங்கே உழவர் பெரும்பாலும் கேட்பவராகவும், சில வேளைகளில் பேட்டி அளிப்பவராகவும் மட்டுமே இருந்தார். நிகழ்ச்சியை நடத்தியவர் கற்றவர். எழுத்துத் தமிழில் பயின்ற குரலுடையவர்.

இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு இதற்கு வேறான மரபைக் கொணர்ந்தது. எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோர் கடல் கடந்தும் தமிழக வீடுகளில் அறியப்பட்ட பெயர்கள். ஹமீதும் ராஜேஸ்வரியும் வானொலி நாடகத்தில் தேர்ந்தவர்கள். அறிவிப்பை ஒரு நிகழ்த்துகலையாக இவர்கள் ஆக்கியதன் காரணம் அப்பின்புலத்தில் உள்ளது.

கொடைக்கானல் நிலையம் மாவட்டத்திற்குள்ளேயே அமைந்தது. பண்பலை அலை நேர்க்கோட்டில் செல்வது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் அதன் ஒலிபரப்பு, சமவெளியின் மேல் தடையின்றி இறங்குகிறது. அகில இந்திய வானொலியின் இத்தகைய நிலையங்களைத் தாங்குபவர்கள் தற்காலிக அறிவிப்பாளர்கள். எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு, 'வாணி' சான்றிதழ்ப் பயிற்சி ஆகியவற்றைக் கடந்து வரும் ஒருவருக்குப் பொதுவாக மாதத்திற்கு ஆறு பணிகள் வரையே கிடைக்கும். ஆறு பணிக்கான ஊதியத்தில் குடும்பம் நடத்த இயலாது. எனவே, வேறொரு தொழிலோ வீட்டில் வேறொருவர் வருமானமோ உள்ளவரே இப்பணியில் நீடிக்க முடிகிறது. தேர்வு விதி எதுவும் இதைக் கூறவில்லை. ஆனால் ஊதிய முறை அதைச் செய்து விடுகிறது. பணி நிரந்தரம் கோரி நாட்டின் பல பகுதிகளில் இவர்கள் நீதிமன்றங்களை அணுகியதையும் இத்துடன் இணைத்தே காண வேண்டும்.

உரிமமும் குரலும்

அலைவரிசைகள் பொதுச்சொத்து என உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. எனினும் 2002இல் வகுக்கப்பட்ட கொள்கை, கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே உரிமம் தந்தது. அதன் விளைவாக 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா பண்பலையிலும் அதனைப் பின்தொடர்ந்த கல்லூரி நிலையங்களிலும் முதல் தலைமுறை அறிவிப்பாளர்கள் பெரிதும் மாணவர்களாகவே அமைந்தனர். இவர்கள் படிப்பு முடிந்ததும் வெளியேறுவர். கேட்பவர் பழகிய குரல் ஆண்டுதோறும் மாறும்.

2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் வாயில் திறக்கப்பட்டது. நிகழ்ச்சிகளில் குறைந்தது ஐம்பது விழுக்காடு உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் உருவாக வேண்டும், இயன்றவரை வட்டார வழக்கில் அமைய வேண்டும் என வழிகாட்டு நெறிகள் கூறின. 100 வாட் ஆற்றல், 30 மீட்டர் கோபுரம், சில கிலோமீட்டர் எல்லை என்ற வரம்பே ஒருவகையில் இதற்குத் துணை நின்றது. அறிவிப்பாளர் பேருந்தில் போய்வரும் ஊர்களே அவருடைய முழு ஒலிபரப்பு எல்லையாயின.

இம்மாற்றத்தின் தெளிவான சான்று இராமநாதபுரம் மாவட்டம் பாம்பனில் கிடைக்கிறது. 2016 ஆகஸ்ட் 15 அன்று 90.4 மெகாஹெர்ட்ஸில் தொடங்கிய கடல் ஓசை, மீனவர்களுக்கான நிலையம். அதன் பணியாளர்களில் பெரும்பாலோர் மீனவக் குடும்பத்தினர். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்னும் காற்றுப் பெயர்களை மீனவக் குடும்பத்தில் பிறந்தவர் அகராதியில் தேட வேண்டியதில்லை. கடலுக்குச் செல்வோருக்கு எச்சரிக்கை கூறுபவரின் வீட்டிலிருந்தும் ஒருவர் கடலுக்குச் செல்கிறார் என்பது, அக்குரலுக்குப் பயிற்சியால் பெற இயலாத நம்பகத்தைத் தருகிறது.

திண்டுக்கல் சமவெளிக்கு இவ்வளவுகோலைப் பொருத்தினால் கேள்வி கூர்மையாகிறது. நிலக்கோட்டையின் பூ விலை விடியற்காலையில் தேவைப்படும் செய்தி. வேடசந்தூர்ப் பகுதி நூற்பாலைத் தொழிலாளிக்கு முறைப்பணி முடியும் வேளையே கேட்கும் வேளை. சின்னாளப்பட்டி நெசவாளர் பலர் வீட்டில் பேசும் மொழி தமிழன்று. பேகம்பூரில் உருது ஒலிக்கிறது. 'வட்டார வழக்கு' என்னும் ஒற்றைத் தொடருக்குள் இவ்வளவும் அடங்கும். பட்டப்படிப்பையும் திருத்தமான உச்சரிப்பையும் மட்டும் தகுதியாகக் கொள்ளும் தேர்வு இவர்களுள் எவரையும் ஒலிவாங்கிக்கு முன் அமர்த்தாது.

ஆய்வாளர் கருத வேண்டிய நடைமுறைச் சிக்கல் ஒன்றும் உள்ளது. ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும் என்பதே சமுதாய வானொலிக்கு 2006ஆம் ஆண்டு நெறிகள் விதித்த கட்டாயம். அதன்பின் பதிவு அழிந்தாலும் விதி மீறப்படவில்லை. இலங்கை அறிவிப்பாளர்களின் குரல்களை நேயர்கள் ஒலிநாடாக்களில் காத்து வந்தனர். பூ விலை கூறியவரின் குரலையும் காற்று எச்சரிக்கை விடுத்தவரின் குரலையும் எவரும் நாடாவில் பிடித்து வைப்பதில்லை. எனவே இவர்களது வரலாற்றை எழுத முற்படுவோர், அறிவிப்பாளர்கள் பணியில் உள்ளபோதே அவர்களிடம் நேரில் வாய்மொழிப் பதிவு மேற்கொள்ள வேண்டியுள்ளது.