கும்காங் மலைக்குப் போனவர்கள்

கொரிய தேசத்தின் கிழக்குக் கடலோரம் எழுந்து, பன்னீராயிரம் சிகரங்கள் உடையதென்று கீர்த்தி பெற்று, அவதம்சக சூத்திரம் கூறும் தர்மோத்கத போதிசத்துவர் வாசம் செய்யும் மலை இதுவே என்று பௌத்தர்களால் பூஜிக்கப்பட்டு வந்த கும்காங் மலையை ஒருமுறையேனும் தரிசிக்காமல் கண்மூடுவதைக் கல்விமான்கள் பெருங்குறையாகக் கருதிய காலம் ஒன்று உண்டு. சீனத்து ராஜ தூதர்கள்கூட அந்த மலையைக் காண வேண்டுமென்று கேட்டிருக்கிறார்கள்.

ஆனால் யாத்திரை போனவர் எல்லாரும் நடந்து போனார்கள் என்று எண்ணுவதற்கில்லை. கன்பூசிய ஆசாரம் மேலோங்கிய சோசோன் அரசாட்சியில் (1392-1910) பிக்குகள் தம் பழைய அந்தஸ்தை இழந்துவிட்டமையால், யாங்பான் என்னும் பிரபு வம்சத்தவர் அடிவாரம் வரை குதிரையில் வந்து, அங்கிருந்து ‘நாம்யோ’ என்ற கூரையில்லாத சிறு சிவிகையில் அமர்ந்துகொள்ள, அதைத் தோளில் தாங்கிச் செங்குத்தான பாறைவழிகளில் ஏறும் ஊழியம் மடாலயத்துத் துறவிகளின் தலையில் விழுந்தது. ஓவியர் சோங் சோன் 1711ஆம் ஆண்டில் தீட்டிய மலைக்காட்சித் தொகுப்பிலே, பெக்சோன் பாலத்தருகே கூர்நுனித் தொப்பியணிந்த பிக்குகள் சிவிகைகளை இறக்கிவைத்திருக்க, எதிர்ப்புறம் பணியாட்கள் வாகன மிருகங்களோடு காத்திருக்கும் படம் ஒன்று உண்டு. ஏறினவர்கள் எழுதிய கவிதைகளைக் காட்டிலும் எனக்கு அது அதிகம் சொல்கிறது. சுற்றுலாப் பிரயாணிகள் பாறைகளில் பெயர் கிறுக்குவதைக் கண்டு சினப்பவர்கள், மான்போக் பள்ளத்தாக்கில் அக்காலக் கனவான்கள் வெட்டுவித்துப்போன பெயர்களையும் பார்த்துவிட்டுச் சினப்பது நலம்.

பெண்களுக்கோ அந்தச் சிவிகையும் இல்லை. உயர்குல ஸ்திரீகள் மலைகளிலும் ஆற்றங்கரைகளிலும் கூடிக் களித்தால் நூறு பிரம்படி என்பது ராஜ்யத்தின் சட்டம். அப்படியிருக்க, தீவைவிட்டுப் பெண்கள் வெளியேறவே தடையிருந்த ஜேஜுவில், ஒருகாலத்தில் கணிகையாயிருந்து பின்பு வர்த்தகத்தால் செல்வம் சேர்த்த கிம் மான்தோக், 1795ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் தன் பொருளைக் கொண்டு தானியம் வரவழைத்து ஜனங்களைக் காத்தாள். மன்னர் சோங்ஜோ என்ன வரம் வேண்டுமென்று கேட்டபோது, அவள் பொன்னும் நிலமும் கேளாமல், தலைநகரையும் கும்காங் மலையையும் பார்க்க வேண்டும் என்றாளாம். சாமானியப் பெண் அரண்மனையில் நுழைய இயலாதாகையால் மருத்துவப் பெண்டிரின் தலைமைப் பதவியை அவளுக்குப் பெயரளவில் வழங்கினார்கள். 1797 வசந்தத்தில் அவள் மலையையும் கண்டாள். அமைச்சர் சே சேகோங் அவள் சரிதத்தை எழுதிவைத்தார். பதினான்கு வயதுப் பெண்ணான கிம் கும்வோன் யாரிடமும் வரம் கேட்கவில்லை. 1830இல் ஆண்பிள்ளை வேஷம் பூண்டு புறப்பட்டாள். அந்தப் பிரயாணத்தைப் பின்னாளில், 1850இல், தானே நூலாக்கினாள்.

ஜப்பானியர் ஆட்சியில், 1931ஆம் ஆண்டில், சோர்வோன் நகரிலிருந்து மலையின் உட்பகுதி வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. தேசப் பிரிவினைக்குப்பின் மலை வடபகுதியில் தங்கிவிட்டது. 1998 முதல் தென்கொரியர், தொடக்கத்தில் கப்பலேறி, அங்கே போய் வந்தனர். 2008 ஜூலையில் பெண் பிரயாணி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டதோடு அதுவும் நின்றது.

இப்போது தெற்கிலிருந்து பார்க்க விரும்புபவர் கோசோங்கின் எல்லை நோக்குமாடத்துக்குப் பாஸ்போர்ட்டோடு, மூட்டமில்லாத நாளாகப் பார்த்துப் போக வேண்டும். ஏறியே தீரவேண்டும் என்பவருக்குச் சற்றுத் தெற்கே, 1,708 மீட்டர் உயரமான சோராக் மலை இருக்கிறது. கும்வோனும் அங்கே போனவள்தான்.