சிரித்துச் சிரித்தே ஒரு தொடரைக் காப்பாற்றியவர்கள்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியோ டீயோ பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. "இந்தப் பசங்க ஒரு தொடரைப் பிடிக்கும்னு சொல்றாங்க. அப்புறம் அதையே உட்கார்ந்து கிண்டலும் பண்றாங்க. இது என்ன பிடித்தம்?" நல்ல கேள்வி. இதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது. ஒரு சரித்திரமே இருக்கிறது.

1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவில் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடர் ஆரம்பமானது. உருவாக்கியவர் ஜீன் ராடன்பெரி. எண்பதுகளில் நம் தூர்தர்ஷனிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. கூர்மையான காதுகளோடு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் வரும் ஸ்பாக்கை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். என்டர்பிரைஸ் என்பது கப்பலின் பெயர். கேப்டன் பெயர் கிர்க்.

தொடரின் மேல் மதிப்பு நிறைய இருந்தது, கையில் பணம்தான் குறைவு. அதனால் ஓட்டைகளும் இருந்தன. ரசிகர்கள் அவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். அதில் பேர் பெற்றது சிவப்புச் சட்டை. புதிய கிரகத்தில் கிர்க்கும் ஸ்பாக்கும் இறங்குவார்கள். கூடவே பெயர் தெரியாத ஒருவர் சிவப்புச் சட்டையில் வருவார். பத்து நிமிடத்தில் அவர் கதை முடிந்துவிடும். "அந்தச் சட்டையைப் போட்டாலே ஆயுசு கம்மி" என்பது ரசிகர்களின் தீர்ப்பு.

அத்தோடு விட்டார்களா? கணக்குப் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. 1975இல் வந்த ஒரு கையேட்டின்படி கப்பலில் 430 பேர். சிவப்புச் சட்டை 239, மஞ்சள் 55, நீலம் 136. அந்த முதல் தொடரில் இறந்தவர்களில் சிவப்புச் சட்டைக்காரர்கள் 25 பேர் அளவில் இருக்கிறார்கள், மஞ்சள் 10 பேர் அளவில். என்னிடம் கணக்குப் படித்தவர்கள் இப்போது சதவீதம் போடுங்கள். சிவப்பில் 10, மஞ்சளில் 18! எண்ணிக்கையைப் பார்த்தால் சிவப்புக்குத்தான் ஆபத்து. விகிதத்தைப் பார்த்தால் மஞ்சள் சட்டைக்காரர்தான் முதலில் உயில் எழுத வேண்டும். செய்தித்தாளில் எண்களைப் பார்த்து முடிவுக்கு வருகிறவர்களுக்கு இதைவிட எளிய பாடம் எனக்குத் தெரியாது. அது ஒரு கிண்டலிலிருந்து பிறந்தது.

இனி சிரிப்புக்குப் பின்னால் இருந்த போராட்டத்துக்கு வருவோம்.

இரண்டாவது ஆண்டிலேயே தொடரை நிறுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. பீஜோ ட்ரிம்பிள், ஜான் ட்ரிம்பிள் என்ற தம்பதி கடிதப் போராட்டத்தைத் தொடங்கினார்கள். இமெயில் இல்லாத காலம். நீங்கள் ஒரு கடிதம் எழுதுங்கள், பத்துப் பேரை எழுதச் சொல்லுங்கள், அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேரிடம் சொல்லட்டும். இதுதான் திட்டம். என்.பி.சி.க்கு ஒரு லட்சத்துக்கு மேல் கடிதங்கள் வந்தன. கால்டெக் மாணவர்கள் அந்த நிறுவனத்தின் பர்பேங்க் அலுவலகத்துக்கு ஊர்வலமே போனார்கள். கடைசியில் 1968 மார்ச் 1 அன்று, அன்றைய பகுதி முடிந்ததும், தொடர் நீடிக்கும் என்று தொலைக்காட்சியிலேயே அறிவித்தார்கள்.

இப்படிப் போராடி வாங்கிய மூன்றாம் ஆண்டின் முதல் பகுதி எது தெரியுமா? 'ஸ்பாக்கின் மூளை'. 1968 செப்டம்பர் 20. வேற்றுக்கிரகப் பெண் ஒருத்தி வந்து ஸ்பாக்கின் மூளையைத் திருடிக்கொண்டு போய்விடுகிறாள். மூளை இல்லாத உடம்பை ரிமோட் வைத்து நடக்கவைத்து, கூட்டிக்கொண்டே தேடுகிறார்கள். மூளை கிடைத்ததும் டாக்டர் மெக்காய் திரும்பப் பொருத்துகிறார். பாதியில் அவருக்குக் கை ஓடவில்லை. பேச்சு வந்துவிட்ட ஸ்பாக், படுத்தபடியே தன் ஆபரேஷனுக்குத் தானே வழி சொல்கிறார்! ரசிகர்கள் அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்தவர்கள், இன்னும் நிறுத்தவில்லை. தொடரின் மிக மோசமான பகுதி எது என்று பேச்சு வந்தால் இதன் பெயர்தான் முதலில் வரும்.

வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தொடரைத் தள்ளியிருந்தார்கள். இளவட்டங்கள் வீட்டில் இல்லாத நேரம். 1969 ஜூனில் தொடர் முடிந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் 55 பகுதிகள், மூன்றாம் ஆண்டில் 24, ஆக மொத்தம் 79.

இந்த 24ஐ அலட்சியமாக நினைக்காதீர்கள். பழைய தொடரைத் தினமும் மறுஒளிபரப்பு செய்ய வேண்டுமானால் உள்ளூர் நிலையங்களுக்குக் கையில் நிறையப் பகுதிகள் வேண்டும். 55 போதாது, 79 கைகொடுத்தது. எழுபதுகளில் மறுஒளிபரப்பில்தான் ஸ்டார் ட்ரெக் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. 1972 ஜனவரியில் நியூயார்க்கில் ரசிகர்கள் ஒரு மாநாடு கூட்டினார்கள். சில நூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் மூவாயிரத்துக்கு மேல் வந்தார்கள். 1976இல் நாசாவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு என்டர்பிரைஸ் என்று பெயர் கிடைத்ததும் ரசிகர்களின் கடிதங்களால்தான். ஆக, எந்த ஆண்டை அதிகம் கேலி செய்தார்களோ அந்த ஆண்டுதான் தொடருக்கு உயிர் கொடுத்தது.

அந்தக் கேலியைப் படைப்பாளிகள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? இதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

1967 டிசம்பர் 29 அன்று வந்த பகுதியில் டிரிபிள் என்ற பிராணி வரும். ரோமப் பந்து மாதிரி இருக்கும். தின்னும், குட்டி போடும், வேறு வேலை கிடையாது. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை பத்துக் குட்டி. மூன்று நாளில் ஒன்று 17,71,561 ஆகும் என்று ஸ்பாக் கணக்குச் சொல்வார். 11ஐ ஆறு முறை பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். தானியக் கிடங்கை கிர்க் திறந்ததும் அவர் தலையில் டிரிபிள்கள் மழையாகக் கொட்டும். கொட்டி ஓய்ந்த பிறகும் ஒவ்வொன்றாகத் தலையில் வந்து விழுந்துகொண்டே இருக்கும். படப்பிடிப்பில் மேலே இருந்து ஆள் வைத்துப் போட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் கதைப்படி அதற்கு என்ன காரணம்? 1996இல் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடர் பதில் சொன்னது. அதன் பாத்திரங்கள் பழைய காலத்துக்குப் பயணம் செய்து அதே கிடங்குக்குள் இருக்கிறார்கள். டிரிபிள் ஒன்றுக்குள் மறைத்துவைத்த குண்டைத் தேடி, இது இல்லை, இது இல்லை என்று ஒவ்வொன்றாக வெளியே எறிகிறார்கள். அதுதான் கிர்க் தலையில் விழுகிறதாம்!

இன்னொன்று க்ளிங்கான் நெற்றி. அறுபதுகளில் க்ளிங்கான் என்ற எதிரி இனத்தார் முகத்தில் கொஞ்சம் மை, ஒரு தாடி, அவ்வளவே. 1979இல் சினிமாவாக எடுத்தபோது பணம் இருந்தது, நெற்றியில் மேடு பள்ளங்கள் வந்துவிட்டன. "இவர்கள் நெற்றிக்கு என்ன ஆச்சு?" என்று ரசிகர்கள் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அதே 1996 பகுதியில், மேட்டு நெற்றிக்காரரான வோர்ஃபிடம் நண்பர்கள் இதையே கேட்கிறார்கள். மரபணு மாற்றமா, வைரஸா என்று ஊகிக்கிறார்கள். அதை வெளியாரிடம் பேசுவதில்லை என்று அவர் வாயை மூடிக்கொள்கிறார். 2005இல் 'என்டர்பிரைஸ்' தொடரில் இதற்காகவே இரண்டு பகுதிகள் எடுத்தார்கள். மரபணு பரிசோதனையும் வைரஸும் சேர்ந்து வந்த கோளாறு என்று கதை முடிந்தது. நையாண்டியாகக் கேட்ட கேள்வி கதைக்குள் சரித்திரம் ஆகிவிட்டது.

ரசிகர்கள் தங்களையும் விட்டுவைக்கவில்லை. 1967 முதல் தாங்களே டைப் அடித்துச் சிறுபத்திரிகைகள் நடத்தினார்கள். அதில் முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். சம்பளம் கிடையாது. அவற்றுக்கு வந்த கதைகளில், எழுதுபவரே கதாநாயகியாகி கப்பலையே காப்பாற்றுவார். இதைக் கேலி செய்து 1973இல் பாலா ஸ்மித் ஒரு குட்டிக் கதை எழுதினார். பதினைந்தரை வயது அதிகாரி மேரி சூ. எல்லாம் தெரிந்தவள், எல்லாருக்கும் பிடித்தவள், அவள் சாகும்போது கப்பலே அழுகிறது. குறையே இல்லாத பாத்திரத்தை இன்றும் 'மேரி சூ' என்றுதான் விமர்சகர்கள் சொல்கிறார்கள்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். சட்டை நிறத்தை எண்ணுவதற்கும், எத்தனையாவது டிரிபிள் எப்போது விழுந்தது என்று சொல்வதற்கும் எத்தனை முறை பார்த்திருக்க வேண்டும்! பிடிக்காதவன் முதல் தடவையே சேனலை மாற்றிவிடுவான். ஏளனம் செய்கிறவன் பாதியில் எழுந்து போய்விடுவான். இவர்கள் கடைசிவரை உட்கார்ந்து பார்த்து, ஆபத்து வந்தபோது தபால்தலைக்குக் காசு செலவழித்தவர்கள்.

வகுப்பில் நீங்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர்கள் எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். சாக்பீஸை நான் காதில் செருகிக்கொள்வதை அச்சு அசலாக நடித்துக் காட்டியவன்தான் பாடத்தையும் கவனித்தவன். அதனால்தான் அன்றைக்குப் பிரம்பை எடுக்கவில்லை.

ஆகவே வீட்டுப் பிள்ளைகள் ஒரு தொடரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தால் "அப்புறம் எதுக்குப் பார்க்கிறே?" என்று கேட்காதீர்கள். "எந்த இடத்தில் தப்பு பிடிச்சே?" என்று கேளுங்கள். பேச்சு நன்றாகப் போகும்.

உங்களுக்குப் பிடித்த தொடரில் நீங்கள் கண்டுபிடித்த ஓட்டை என்ன? கீழே எழுதுங்கள். மதிப்பெண் உண்டு.