மன்னிக்கும் வில்: ஒரு சொல்லின் வரலாறு

வில்லாளர் பேச்சில் 'மன்னிக்கும் வில்' என்றொரு தொடர் உண்டு. எய்பவரின் கை சற்றே பிசகினாலும் அம்பை வெகுவாக விலகவிடாத வில்லுக்கு அப்பெயர். ஓர் இயந்திரத்தின் குணத்தைச் சுட்ட அறநெறிச் சொல் ஒன்று வந்து சேர்ந்ததும், அதன் பொருள் அறுபதாண்டுகளில் மாறிவந்ததும் தொழில்நுட்ப வரலாறு பயிலும் மாணவர்கள் கவனிக்கத் தக்கவை. இக்குறிப்பு அதைப் பற்றியது.

முதலில் பிழையின் அளவைக் காண்போம். அம்பு புறப்படும் திசை ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு விலகினால், 50 மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் தள்ளித் தைக்கும். பிடியை இறுக்கும் விரலே அவ்வளவு விலகலை உண்டாக்கப் போதும்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தவரான ஹோலெஸ் வில்பர் ஆலன், 1966 ஜூனில் காம்பவுண்ட் வில்லுக்குக் காப்புரிமை கோரினார். 1969 டிசம்பரில் அது வழங்கப்பட்டது. வில்லின் முனைகளில் மையம் விலகிய கப்பிகளைப் பொருத்தியதே அவர் செய்த புதுமை. காப்புரிமையின் தலைப்பு இழுவிசையைப் பெருக்குவதைப் பற்றியே பேசுகிறது, மன்னிப்பைப் பற்றியன்று. விரைவான அம்பே நோக்கமாக இருந்தது.

ஆனால் அந்தக் கப்பிகள் இன்னொரு கொடையையும் தந்தன. பழைய வில்லில் நாணை முழுதும் இழுத்த நிலையில்தான் பாரம் மிகுதி. காம்பவுண்ட் வில்லிலோ நடுவழியில் உச்சம் தொட்ட விசை, இறுதியில் தணிந்துவிடுகிறது. லெட்-ஆஃப் எனப்படும் இந்தத் தளர்வு இன்றைய வேட்டை வில்கள் பலவற்றில் 80 விழுக்காடு. அதாவது 70 பவுண்டு வில்லை இழுத்து நிற்பவர் தாங்குவது 14 பவுண்டு மட்டுமே. தசை நடுங்காமல் குறிபார்க்க நேரம் கிடைத்தது. வில் வழங்கிய முதல் மன்னிப்பு இது.

இரண்டாவது மன்னிப்பு நாணை விடுவிக்கும் கருவியால் வந்தது. விரல்களிலிருந்து நழுவும் நாண் பக்கவாட்டில் உதறுவதால் அம்பு பாம்பைப் போல நெளிந்து செல்கிறது. கிளாரன்ஸ் ஹிக்மன் என்னும் இயற்பியலாளர் 1930களில் அதிவேக ஒளிப்படங்களால் இதை ஆராய்ந்தார். விரலுக்குப் பதிலாகச் சிறு கொக்கி ஒன்று நாணை விடுவித்தபோது அந்த உதறல் பெரிதும் குறைந்தது.

முரண்பாடு தோன்றியது இதற்குப் பின்னர்தான். வேகத்தைக் கூட்ட, வில்லின் பிடிக்கும் ஓய்வுநிலை நாணுக்கும் இடையிலான தூரத்தைத் தயாரிப்பாளர்கள் குறைத்தனர். நாண் அம்பைத் தள்ளும் தொலைவு நீண்டது, ஆற்றலும் கூடியது. ஆயினும் அம்பு நாணை விட்டு நீங்கும்வரை கையின் பிசகு அதைத் தொடர்கிறது. அடர்ந்த புதரிலும் மரத்தின்மேல் அமைத்த பரணிலும் கையாள வசதியாக வில்லின் நீளமும் குறைந்தது. குட்டையான வில் எளிதில் திருகிக்கொள்ளும். அதனால் போட்டி வில்லைவிட வேட்டை வில் பொதுவாகக் குறைவாகவே மன்னிக்கிறது.

அப்படியானால் வேகம் மன்னிப்புக்கு எதிரியா? அதுவும் முழு உண்மையன்று. 30 மீட்டரில் நிற்கும் மானின் தொலைவை 3 மீட்டர் தவறாகக் கணித்தால், நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் செல்லும் அம்பு ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் மேலோ கீழோ தைக்கும். 90 மீட்டர் வேகத்தில் அது ஏறக்குறைய 5 சென்டிமீட்டராகச் சுருங்கும். நீண்ட நாண் இடைவெளி கையின் பிழையை மன்னிக்கிறது. வேகம் கண்ணின் பிழையை மன்னிக்கிறது. லேசர் தூரமானி வேட்டைக்காரரின் கைக்கு வந்தபின் இரண்டாவதன் தேவை குறைந்தது. ஒரே சொல்லுக்குள் இரு வேறு மன்னிப்புகள் இருந்ததை அப்போதுதான் தெளிவாகக் காண முடிந்தது.

எவ்வளவு மன்னிப்பு தகும் என்னும் கேள்வி அமைப்புகளையும் தொட்டது. 1961இல் தொடங்கப்பட்ட போப் அண்ட் யங் கிளப் வில்வேட்டைச் சாதனைகளைப் பதிவுசெய்கிறது. 65 விழுக்காட்டைத் தாண்டிய தளர்வுள்ள வில்லால் வீழ்த்திய விலங்குகளை அது நெடுங்காலம் ஏற்கவில்லை. 2004 முதல் ஏற்றது. எனினும் பெயருக்கருகே உடுக்குறி இட்டது. அந்தச் சிறு குறிக்குள் ஒரு பெரிய விவாதம் அடங்கியுள்ளது: சாதனை யாருடையது, வில்லாளருடையதா, கப்பியுடையதா?

ஆனால் இவ்விவாதத்தில் பேசாத தரப்பு ஒன்று உண்டு. மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி ஏறத்தாழ 20 முதல் 25 சென்டிமீட்டர் அகலமே. அதற்கு வெளியே அம்பு பட்டால் விலங்கு காயத்தோடு ஓடி, மெல்லச் சாகும். பிழை எய்தவருடையது, தண்டனை மானுடையது. மேலும் 30 மீட்டரில் வில்லின் ஒலி மானை எட்ட 0.1 நொடிகூட ஆகாது. அம்பு சேர 0.3 நொடிக்கு மேலாகும். இடைப்பட்ட நேரத்தில் மான் அசைந்துவிட்டால் எந்த வில்லாலும் ஈடுசெய்ய இயலாது. வில் மன்னிக்கும் என்ற நம்பிக்கையில் தொலைவைக் கூட்டிக்கொள்பவர், கருவி தந்த சலுகையைத் தம் ஆசைக்குச் செலவிடுகிறார்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்கிறது. எனவே வேட்டைக்காகப் பிறந்த இவ்வில் இங்கே விளையாட்டாகவே வேரூன்றியது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் காம்பவுண்ட் பிரிவின் ஐந்து தங்கங்களும் இந்தியாவுக்கே கிடைத்தன. அங்கும் விதி மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. ரிகர்வ் வில்லாளர் 70 மீட்டரில் 122 சென்டிமீட்டர் இலக்கை நோக்கி எய்ய, காம்பவுண்ட் வில்லாளர் 50 மீட்டரில் 80 சென்டிமீட்டர் இலக்கை நோக்கி எய்கிறார். பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 8 சென்டிமீட்டர் மட்டுமே. தொடக்கத்தில் கண்ட 9 சென்டிமீட்டர் விலகல் அவரை அவ்வட்டத்திற்கு வெளியே தள்ளிவிடும்.

ஆகவே மன்னிப்பு வில்லுக்குள் மட்டும் உறையும் பண்பன்று. வில், கை, இலக்கு, விதி ஆகிய நான்கின் உறவில் பிறப்பது. ஒரு கருவி நம் பிழையைப் பொறுத்துக்கொள்வதாகக் கேள்விப்படும்போது, அப்பிழையின் விலை எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்பதே வரலாற்று மாணவரின் வேலை.