கேட் கீப்பரும் கம்ப்யூட்டரும்

எங்க அதியன்னூர் பக்கம் ரயில் வந்தது 1979-ல, நான் பிறக்கும் முன்னாடி. சின்ன வயசுல கேட்டுக்கிட்ட நின்னு தண்டவாளத்தையே எட்டி எட்டிப் பார்ப்பேன். கேட் கீப்பர் மாமா பேசாம பீடி குடிச்சிட்டு இருப்பார். ஸ்டேஷன்ல இருந்து போன் மணி அடிச்சாத்தான் எழும்புவார்.

கம்ப்யூட்டரும் இந்த ரெண்டு விதமாவும் காத்திருந்திருக்கு. 1984-ல வந்த மெக்கின்டாஷ்ல ப்ரோக்ராம் 'கெட்நெக்ஸ்ட்ஈவென்ட்'னு ஒரு கட்டளையை வச்சு, "மவுஸை அமுக்கினாங்களா? கீயைத் தட்டினாங்களா?"ன்னு ஓயாம கேட்டுட்டே இருக்கும். ஒரு நேரத்துல ஒரே ப்ரோக்ராம் ஓடினவரை நஷ்டமில்லை. பல ப்ரோக்ராம் சேர்ந்து ஓடும்போது, சும்மா கேக்கறவன் மத்தவன் நேரத்தைத் தின்பான்.

1985-ல வந்த விண்டோஸ்ல 'கெட்மெசேஜ்'. செய்தி வரலைன்னா ப்ரோக்ராம் அங்கேயே நின்னு மத்ததுக்கு வழி விடும். ஆப்பிளும் 1987-ல மல்டிஃபைண்டரோட 'வெயிட்நெக்ஸ்ட்ஈவென்ட்' கொண்டு வந்தது: "இவ்வளவு நேரம் தூங்கறேன், ஏதாவது வந்தா எழுப்பு."

பேங்க்ல நான் 'ஓகே' அமுக்கறவரை நிக்கற திரையைப் பார்த்தா மாமா ஞாபகம்தான் வரும்.

அம்மா என்னை மாதிரி. ஞாயித்துக்கிழமை நான் கூப்பிடுறவரை போனை எடுத்து எடுத்துப் பார்ப்பாங்களாம், தங்கச்சி சொன்னா. இந்த வாரம் புதன்கிழமையே கூப்பிட்டுட்டேன்.