எழுத்திழப்பு: ஆழ்மூளைப் பக்கவாதத்தின் ஒரு விளைவு

பக்கவாதத்துக்குப் பிறகு கை இயங்கும், பேச்சும் புரியும், எழுத மட்டும் வராது. இந்த நிலைதான் எழுத்திழப்பு. மருத்துவர்கள் அக்ராஃபியா என்பார்கள். சிலர் பேனாவைச் சரியாகப் பிடிப்பார்கள், தாளில் கிறுக்கல்தான் விழும். அதே சொல்லைச் செல்போனில் தட்டிவிடுகிறவர்களும் உண்டு.

1867இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஓகிள் இதை இரண்டாகப் பிரித்தார்: எழுத்து வடிவம் சரியாயிருந்தும் சொல் தப்பிப்போவது ஒன்று, வடிவமே சிதைவது மற்றொன்று. இன்றும் பயன்படும் பிரிவு இது. 1881இல் வியன்னாவின் சிக்மண்ட் எக்ஸ்னர், எழுதுவதற்கென்றே மூளையின் இடது முன்மடலில் ஓரிடம் குறித்தார். சான்று மெலிந்ததுதான், பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அதன்பின் நெடுங்காலம் தேடல் பெரும்பாலும் மூளையின் மேற்பரப்பிலேயே நடந்தது.

1970களில் சி.டி. ஸ்கேன் வந்த பிறகே, உயிருள்ளவரின் ஆழ்மூளைச் சேதத்தை எளிதில் பார்க்க முடிந்தது. மூளையின் ஆழத்திலுள்ள தலாமஸில் ரத்த ஓட்டம் அடைபட்டதால் எழுத்து வடிவம் சிதைந்த ஒரு நோயாளியைப் பற்றி ஜப்பானிய மருத்துவர்கள் 2000இல் எழுதினார்கள். தலாமஸ் எழுத்துகளைச் சேமித்து வைக்கும் இடமல்ல. மேற்பரப்பின் பகுதிகளை இணைக்கும் சந்திப்பு. அங்கே அடைத்தால் தொலைவில் வேலை நிற்கும்.

தமிழில் ‘கொ’ எழுதிப் பார்த்தாலே எழுதும் வேலையின் சிக்கல் புரியும். காதுக்கு ககரம் முதலில், கைக்குக் கொம்பு முதலில், கால் கடைசியில். ஒலி வரிசையைக் கை வரிசையாக மாற்றாமல் இந்த எழுத்து விழாது. நியூஜெர்சியிலோ டெக்சஸிலோ ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு ‘எழுத்து வந்துவிட்டது’ என்று அங்கு வாழும் தமிழரை வீட்டுக்கு அனுப்புவது அரைச் சோதனைதான்.

கலிஃபோர்னியா விரிகுடாப் பகுதி இந்த வரலாற்றில் இருமுறை வருகிறது. மார்ட்டினெஸில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவ அமைப்பில் பணிபுரிந்த நீனா டிராங்கர்ஸ் குழு, பாரிஸில் 1861 முதல் காக்கப்பட்டுவரும் லெபோர்ன் என்ற நோயாளியின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்து 2007இல் வெளியிட்டது. பேச்சிழந்த அந்த நோயாளியின் சேதம், பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா கண்ட மேற்பரப்பைத் தாண்டி ஆழத்து நரம்பிழைகள்வரை போயிருந்தது. அடுத்தது 2021, ஸ்டான்ஃபோர்டு. தண்டுவடக் காயத்தால் முடங்கிய ஒருவர் எழுதுவதாக மனதில் நினைக்க, மூளையில் பதித்த மின்முனைகள் நிமிடத்துக்கு 90 எழுத்துவரை படித்தன. அவருக்கு அறுந்தது கைக்குப் போகும் பாதை. எழுத்தின் வடிவம் மூளையில் பத்திரமாக இருந்தது. வடிவமே சிதைந்த எழுத்திழப்புக்கு இக்கருவி நேரடியாக உதவாது.

சிகிச்சை பெரும்பாலும் பழைய முறைதான்: பார்த்து எழுதுவது, மறைத்து எழுதுவது, மறுபடி எழுதுவது.